பொம்மை கடைக்கு வந்துவிட்டது. குரல் கொடுத்தவருக்கு என்ன கிடைக்கும்?

கோலாலம்பூரில் பெரிய பேரங்காடிகளில் உள்ள பொம்மைக் கடைகளுக்கு இப்போது பிள்ளைகளைவிடப் பெரியவர்களே அதிகம் வருகிறார்களோ என்று தோன்றும். கண்ணாடி அலமாரிக்குள் டிராகன் பால் கோக்கு நிற்கிறான். பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஆப்டிமஸ் பிரைம். இன்னொரு தட்டில் நம் நாட்டு உபின், இபின். பெட்டியின்மீது தயாரிப்பு நிறுவனத்தின் பெயர், உரிமம் பெற்றதற்கான முத்திரை, எத்தனை வயதுக்கு மேல் விளையாடலாம் என்ற குறிப்பு எல்லாம் அச்சாகியிருக்கும். ஆனால், அந்தக் கதாபாத்திரத்தைப் பேச வைத்தவரின் பெயர் பெரும்பாலும் எங்குமே இருக்காது.

திரைப்பட நடிகரின் உருவத்தில் பொம்மை வந்தால் அது அவருடைய முகம் என்று எல்லாருக்கும் தெரியும். உயிரோவியப் படத்தில் முகம் ஓவியருடையது, அசைவு கணினிக் கலைஞருடையது, குரல் மட்டும் நடிகருடையது. அந்தக் கதாபாத்திரம் பொம்மையாகி விற்பனைக்கு வரும்போது குரல் கலைஞரின் நிலை என்ன? அதில் அவருக்குப் பங்கு உண்டா? வேண்டாம் என்று சொல்ல முடியுமா? பின்னணிக் குரல் துறையில் கால் வைக்க நினைக்கும் நம் இளையோர் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்விகள் இவை.

*கதாபாத்திரம் பொம்மையாவது எப்படி?*

கதாபாத்திரத்தின் உரிமை படத்தைத் தயாரித்த நிறுவனத்திடம் இருக்கும். பொம்மை நிறுவனம் அதனிடம் உரிமம் வாங்குகிறது. உரிமத்துக்காக ஒரு குறைந்தபட்சத் தொகையும், விற்பனையில் ஒரு விழுக்காடும் கொடுப்பதாக ஒப்பந்தம் போடப்படுவது வழக்கம்.

அதன் பிறகு சிற்பியின் வேலை. முன்பு களிமண்ணிலும் மெழுகிலும் செய்தார்கள். இப்போது பெரும்பாலும் கணினியில் முப்பரிமாணமாகச் செதுக்கி மாதிரி எடுக்கிறார்கள். வண்ணம் தீட்டிய மாதிரி, உரிமை வைத்திருக்கும் நிறுவனத்தின் ஒப்புதலுக்குப் போகும். புருவம் சற்று இறங்கியிருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள். ஒப்புதல் கிடைத்ததும் எஃகு அச்சு தயாராகும். அதில் பிளாஸ்டிக்கை உருக்கிச் செலுத்தி உறுப்புகளை வார்த்து, ஒட்டி, வண்ணம் பூசிப் பெட்டியில் அடைப்பார்கள்.

இத்தனை கட்டங்களில் குரல் கலைஞருக்கு எங்கும் இடம் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர் வேலை பல மாதங்களுக்கு முன்பே ஒலிப்பதிவு அறையில் முடிந்துவிட்டது. தான் பேசிய கதாபாத்திரம் பொம்மையாக வருகிறது என்பதையே விளம்பரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலைகூட அவருக்கு ஏற்படலாம்.

பேசாத பொம்மைக்குக் குரல் எதற்கு என்று கேட்கலாம். ஒரு பிள்ளையின் கையில் பொம்மையைக் கொடுத்துப் பாருங்கள். முதல் வேலையாக அதைப் பேச வைக்கும். அது பேசும் குரல், தொலைக்காட்சியில் கேட்ட குரலாகவே இருக்கும். ஓவியத்தை நேசிக்க வைத்ததில் குரலுக்கும் பெரும் பங்கு உண்டு. அந்த நேசம்தான் கடையில் பணமாகிறது.

*சாலை லாரிக்குக் கிடைத்த கண்ணியம்*

இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு ஆப்டிமஸ் பிரைம். இங்கே கதை தலைகீழ். பொம்மை முதலில் வந்தது, குரல் பிறகு வந்தது.

ஜப்பானின் தக்காரா நிறுவனம் டையாகுளோன் என்ற வரிசையில், லாரியாக மாறும் இயந்திர மனிதப் பொம்மை ஒன்றை விற்று வந்தது. அமெரிக்காவின் ஹாஸ்புரோ நிறுவனம் அத்தகைய பொம்மைகளின் உரிமத்தை வாங்கி, 1984இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற பெயரில் வெளியிட்டது. பொம்மைகளுக்குப் பெயரும் குணமும் கதையும் எழுதும் வேலை மார்வல் காமிக்ஸ் நிறுவனத்திடம் போனது. அதே ஆண்டு தொலைக்காட்சித் தொடரும் தொடங்கியது. வெளிப்படையாகச் சொன்னால், பொம்மை விற்பதற்காகவே எடுக்கப்பட்ட தொடர் அது.

தலைவன் பாத்திரத்துக்குக் குரல் தேர்வுக்குச் சென்றவர் கனடாவில் பிறந்த பீட்டர் கல்லன். அவருடைய அண்ணன் லாரி, வியட்னாம் போரில் பணியாற்றிய அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை வீரர். தலைவன் வேடத்துக்குப் போகிறேன் என்று தம்பி சொன்னபோது, தலைவன் என்றால் கத்த வேண்டியதில்லை, மென்மையாக இருக்கும் அளவுக்கு வலிமை உள்ளவனாக இருக்க வேண்டும் என்ற பொருளில் அண்ணன் அறிவுரை சொன்னாராம். அண்ணனின் நிதானமான பேச்சையே மனத்தில் வைத்துப் பேசியதாகக் கல்லன் பல பேட்டிகளில் கூறியிருக்கிறார். ஒரு சரக்கு லாரிக்கு அப்படித்தான் தந்தையின் கனிவு வந்தது.

அந்தக் குரலின் பலம் என்னவென்று நிறுவனத்துக்குத் தெரிய வந்தது 1986இல்தான். அந்த ஆண்டு வந்த திரைப்படத்தில் ஆப்டிமஸ் பிரைமைக் கொன்றுவிட்டார்கள். கதை அதைக் கேட்கவில்லை. பொம்மை வரிசைதான் கேட்டது. 1984ஆம் ஆண்டுப் பொம்மைகளை நிறுத்திவிட்டுப் புதியவற்றை விற்க வேண்டும், அதனால் பழையவர்கள் போக வேண்டும். கணக்கு சரிதான். ஆனால், திரையரங்குகளில் பிள்ளைகள் அழுதார்கள். பெற்றோர் கண்டித்தார்கள். கடிதங்கள் குவிந்தன. 1987இல் தொடரில் ஆப்டிமஸ் பிரைம் உயிரோடு திரும்பினார். அதே நிறுவனத்தின் இன்னொரு வரிசையான ஜி.ஐ. ஜோ படத்தில் டியூக் என்ற வீரன் இறப்பதாக இருந்த காட்சியும், அவன் ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பதாக மாற்றப்பட்டது.

வெறும் பிளாஸ்டிக் பொம்மையை விற்பனையிலிருந்து எடுத்ததற்காகப் பிள்ளைகள் அப்படி அழுதிருப்பார்களா? நேற்றுவரை தங்களோடு அன்பாகப் பேசிய ஒருவர் இறந்துவிட்டார் என்றுதான் அவர்கள் அழுதார்கள்.

2007இல் ஆப்டிமஸ் பிரைம் திரைப்படமாக மீண்டும் வந்தபோது, ரசிகர்கள் கேட்டது பீட்டர் கல்லனின் குரலைத்தான். கேட்டது கிடைத்தது. 2021இல் ரோபோசென் நிறுவனம் ஹாஸ்புரோவுடன் சேர்ந்து, தானாகவே லாரியாக மாறும் ஆப்டிமஸ் பிரைமை அறிமுகப்படுத்தியது. உயரம் ஏறத்தாழ 19 அங்குலம். 27 இயக்கு மோட்டார்கள், 5,000க்கும் மேற்பட்ட பாகங்கள். அறிமுக விலை 699 அமெரிக்க டாலர். அதன் விளம்பரத்தில் முன்னால் வைத்த சிறப்புகளில் ஒன்று, பீட்டர் கல்லனே அதற்குப் பேசியிருக்கிறார் என்பது. 37 ஆண்டுகளுக்கு முன் பேசாப் பொம்மையாக வந்தது, கடைசியில் அவர் குரலோடேயே சேகரிப்பாளரின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

*வேண்டாம் என்று சொன்ன பூதம்*

எல்லாக் குரல் கலைஞருக்கும் பொம்மை மகிழ்ச்சி தருவதில்லை. 1992இல் வெளிவந்த டிஸ்னியின் அலாவுதீன் படத்தில் விளக்குப் பூதத்துக்குக் குரல் கொடுத்தவர் ராபின் வில்லியம்ஸ். அப்போதே அவர் பெரிய நட்சத்திரம். ஆயினும், தம் வழக்கமான சம்பளத்தைவிட மிகக் குறைந்த தொகைக்கு, சுமார் 75,000 டாலருக்கு ஒப்புக்கொண்டார். பதிலுக்கு அவர் கேட்டது ஒன்று: தம் குரலைப் பொம்மைகளும் இதர பொருள்களும் விற்பதற்குப் பயன்படுத்தக் கூடாது.

படம் வந்த பிறகு அந்த உறுதி காப்பாற்றப்படவில்லை என்று அவர் வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார். அடுத்துவந்த 1994ஆம் ஆண்டுத் தொடர்ச்சிப் படத்தில் அவர் பேசவில்லை. பூதத்துக்குப் பேசியவர் டான் காஸ்டெல்லனெட்டா. சிம்ப்சன்ஸ் தொடரில் ஹோமருக்குக் குரல் கொடுப்பவர். பின்னர் டிஸ்னியின் புதிய நிர்வாகம் பொதுவில் மன்னிப்புக் கேட்டது. அதன் பிறகே 1996இல் மூன்றாம் படத்துக்கு வில்லியம்ஸ் திரும்பினார்.

நட்சத்திரமாக இருந்ததால் அவரால் மறுத்துப் பேச முடிந்தது. சாதாரணக் குரல் கலைஞர் ஒருவர் இப்படிக் கோபித்துக்கொண்டால் அவர் இடத்துக்கு மறுநாளே வேறொருவர் வந்துவிடுவார். அதனால்தான் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது அவர்களுக்கு இன்னும் முக்கியம்.

*பேசும் பொம்மைக்குப் பேசுவது யார்?*

டாய் ஸ்டோரி படத்தின் வுடி பொம்மை பலர் வீட்டில் இருக்கும். முதுகுக் கயிற்றை இழுத்தால் பேசும். படத்தில் வுடிக்குப் பேசியவர் டாம் ஹாங்க்ஸ். ஆனால் பொம்மைகளிலும் கணினி விளையாட்டுகளிலும் பெரும்பாலும் பேசுபவர் அவருடைய தம்பி ஜிம் ஹாங்க்ஸ். இரு குரலும் அவ்வளவு ஒத்திருக்கும்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. படத்துக்குப் பேசுவது ஒரு வேலை, பொம்மைக்குப் பேசுவது வேறு வேலை. பொம்மைக்குள் வைக்கும் சிறு ஒலிச்சில்லுக்குச் சில சொற்றொடர்கள் போதும். அவற்றைத் தெளிவாக, பின்னணி இசை இல்லாமல், சின்ன ஒலிபெருக்கியிலும் புரியும்படி தனியாகப் பேசிப் பதிவு செய்வார்கள். அதற்குத் தனிச் சம்பளம். படத்தில் பேசியவருக்கு நேரம் இல்லாமலோ அவர் சம்பளம் கட்டுப்படியாகாமலோ போனால், ஒத்த குரலுள்ள இன்னொருவரை அழைப்பது இத்துறையில் வழக்கமான ஒன்று.

*ஒருமுறைச் சம்பளம், பல தலைமுறை விற்பனை*

பணத்துக்கு வருவோம். 1937இல் வந்த டிஸ்னியின் ஸ்னோ ஒயிட், அந்நிறுவனத்தின் முதல் முழுநீள உயிரோவியப் படம். இளவரசிக்குப் பேசிப் பாடிய ஆட்ரியானா காசலோட்டிக்குக் கிடைத்த மொத்தச் சம்பளம் 970 டாலர் என்று பதிவாகியுள்ளது. ஸ்னோ ஒயிட் பொம்மைகள் அந்தக் காலத்திலேயே கடைக்கு வந்துவிட்டன. இன்றும் வந்துகொண்டிருக்கின்றன.

பாடகி பெக்கி லீயின் வழக்கும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது. 1955இல் வந்த லேடி அண்ட் தி டிராம்ப் படத்துக்கு அவர் பாட்டு எழுதினார், பாடினார், பல பாத்திரங்களுக்குக் குரலும் கொடுத்தார். 1980களில் அந்தப் படம் வீடியோ நாடாவாக வந்து பெரும் விற்பனை கண்டது. தாம் ஒப்பந்தம் போட்டபோது வீடியோ நாடா என்ற ஒன்றே இல்லை, அதற்கு நான் உரிமை தரவில்லை என்று அவர் வழக்குப் போட்டார். 1991இல் அவருக்கு ஏறத்தாழ 23 லட்சம் டாலர் வழங்கும்படி தீர்ப்பு வந்தது.

அது பொம்மை வழக்கு அல்ல. ஆனாலும் அதில் உள்ள பாடம் பொம்மைக்கும் பொருந்தும். ஒப்பந்தத்தில் ஒரு பயன்பாட்டை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதே பின்னால் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அந்த வழக்குக்குப் பிறகு பெரிய நிறுவனங்களும் பாடம் கற்றன. இன்று இருப்பவை மட்டுமன்றி, இனிமேல் கண்டுபிடிக்கப்படும் எல்லா ஊடகங்களுக்கும் பொருந்தும் என்ற வாசகம் இப்போது ஒப்பந்தங்களில் சர்வசாதாரணம்.

திரைப்பட நடிகருக்கு இதில் ஒரு பிடிமானம் உண்டு. அவர் முகத்தைப் பொம்மையாக்க அவரிடம் ஒப்புதல் வாங்கியாக வேண்டும் என்பதால் அதற்கென்று ஒரு விதியும் விழுக்காடும் ஒப்பந்தத்தில் இருக்கும். குரல் கலைஞரின் முகம் பொம்மையில் இல்லை. ஆகவே, பேசாத பொம்மை எத்தனை விற்றாலும், தனியாக எழுதி வாங்கியிருந்தால் தவிர, அவர் கைக்குப் பொதுவாக எதுவும் வராது.

*நம் வீட்டுப் பக்கத்துக் குரல்கள்*

மலேசியாவில் 2007இல் தொடங்கிய உபின் இபின் தொடரில் அந்த இரட்டையருக்கும் ஆரம்பத்தில் பேசியவர் நூர் ஃபாத்தியா டியாஸ். அப்போது அவர் ஒரு சிறுமி. 2011இல் தொடங்கிய போபோய்போய் தொடரில் கதாநாயகச் சிறுவனுக்குக் குரல் கொடுத்தவரும் அவரே. சிறுவனுக்குப் பெண் பேசுவது இத்துறையில் புதிதல்ல. ஜப்பானில் கோக்குவுக்கு 1986 முதல் பேசி வருபவர் 1936இல் பிறந்த மசாக்கோ நொசாவா என்ற பெண்மணி. அண்மைய நே சா சீனப் படங்களில் குட்டி நே சாவுக்குப் பேசியவரும் பெண்தான். 2025இல் அதன் இரண்டாம் பாகம் வந்தபோது, பாப் மார்ட் வெளியிட்ட நே சா பொம்மைப் பெட்டிகள் சீனாவில் வேகமாக விற்றுத் தீர்ந்தன.

உபின் இபின் குரல் கலைஞர்கள் இடையில் மாறினார்கள். பிள்ளைகள் வளர்வார்கள், குரல் உடையும். கதாபாத்திரம் மட்டும் என்றும் குழந்தை. பொம்மைக்கும் வயதாவதில்லை. தான் விட்டு வந்த ஒரு பாத்திரம் இன்னொருவர் குரலில் பேசிக்கொண்டு கடையில் நிற்பதைப் பார்ப்பது குரல் கலைஞருக்கே உரிய அனுபவம்.

போபோய்போய் என்றதும் நம் பிள்ளைகளுக்குக் கோபால் நினைவுக்கு வருவான். 'டேய்' என்று கூப்பிட்டுக்கொண்டு, சாப்பாட்டுப் பிரியனாக, பொருள்களைத் தின்பண்டமாக மாற்றும் சக்தியோடு வரும் நம்மவன். அவனுக்குக் குரல் கொடுப்பவர் சுபிர் முகமது ஜக்காரியா என்ற மலாய்க் கலைஞர். நம் இனப் பிள்ளையின் பாத்திரம் நாடறிந்ததாகியிருக்கிறது. அந்தக் குரல் நம்மவர் குரலாக இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, வாய்ப்பு இருக்கும் இடமாகவே சொல்கிறோம். வானொலி நாடகத்தில் மின்னல் எஃப்.எம். வளர்த்த குரல்களின் மரபு நமக்கு உண்டு. ஆஸ்ட்ரோவில் சுட்டி டிவியும் தமிழ் பேசிய டோராவும் பார்த்து வளர்ந்த தலைமுறை இன்று வேலைக்கு வந்துவிட்டது.

பொம்மைக்குப் பின்னால் நின்று பேசும் கலை இந்த மண்ணுக்கும் பழையது. கிளந்தான் வாயாங் கூலிட் நிழற்கூத்தில் இராமன், சீதை, இராவணன் என்று எல்லாருக்கும் பேசுபவர் தோக் டாலாங் ஒருவரே. நம் தோற்பாவைக் கூத்திலும் அப்படித்தான். திரைக்குப் பின்னால் இருந்தாலும் ஊருக்கு அவரைத் தெரியும். கூத்துக்கு அவர் பெயரைச் சொல்லித்தான் கூட்டம் வரும். பொம்மையும் அவருடையது, குரலும் அவருடையது. இன்றைய தொழில் முறையில் இரண்டும் பிரிந்துவிட்டன. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

*சட்டம் என்ன சொல்கிறது?*

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துநர் உரிமை என்ற ஒன்றை ஏற்றுக்கொண்டுள்ளது. நடிப்பவர், பாடுபவர், பேசுபவர் ஆகியோரின் நிகழ்ச்சியை அவர் சம்மதமின்றிப் பதிவு செய்வதையும் பயன்படுத்துவதையும் கட்டுப்படுத்தும் உரிமை அது. சிங்கப்பூரில் 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டம், படைப்பாளரையும் நிகழ்த்துநரையும் பெயர் சொல்லி அடையாளப்படுத்தும் கடமையைச் சேர்த்துள்ளது. அதற்குச் சில விலக்குகளும் உண்டு.

இங்கே ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த உரிமை, நீங்கள் பேசிய பேச்சின் மீதான உரிமை. கதாபாத்திரத்தின் உருவத்தின் மீதான உரிமை அல்ல. உங்கள் ஒலிப்பதிவை எடுத்துப் பொம்மைக்குள் வைத்தால் கேட்க இடம் உண்டு. பேசாத பொம்மைக்கு இந்தச் சட்டத்தை வைத்துக் கேட்க முடியாது. ஒலிப்பதிவுக்குச் சம்மதம் கொடுத்துவிட்ட பிறகு எதைக் கேட்கலாம் என்பதும் பெரும்பாலும் ஒப்பந்தத்தைப் பொறுத்தே நிற்கும்.

*கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்*

முதல் வாய்ப்பு கிடைக்கும் மகிழ்ச்சியில் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது நம்மிடையே சகஜம். கீழ்க்கண்டவற்றைக் கேட்பதால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

முதலாவது, சம்பளம் எதற்கு? இந்தத் தொடரின் ஒலிபரப்புக்கு மட்டுமா, விளம்பரம், விளையாட்டுச் செயலி, பொம்மை எல்லாவற்றுக்கும் சேர்த்தா?

இரண்டாவது, பேசும் பொம்மை வந்தால் அதற்குத் தனியாகப் பதிவும் தனிச் சம்பளமும் உண்டா?

மூன்றாவது, என் பெயர் எங்கே வரும்? தொடரின் முடிவில் மட்டுமா, விளம்பரங்களிலுமா?

நான்காவது, என் குரலைச் செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி கொடுக்கவோ அதே போன்ற குரலை உருவாக்கவோ பயன்படுத்துவீர்களா?

கடைசிக் கேள்விதான் இன்று மிக அவசரமானது. குரலை நகலெடுக்கும் மென்பொருள் இருந்தால், பேசும் பொம்மைக்குத் தம்பியைக்கூட அழைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2024 ஜூலையில் கணினி விளையாட்டுகளுக்குப் பேசும் கலைஞர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதற்கு முக்கியக் காரணம் இந்த அச்சமே. அடுத்த ஆண்டு, செயற்கை நுண்ணறிவுப் பயன்பாட்டுக்குச் சம்மதமும் ஊதியமும் வேண்டும் என்ற பாதுகாப்புகளோடு புதிய ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. அதே 2024இல் டென்னசி மாநிலம், ஒருவரின் குரலை அனுமதியின்றி நகலெடுப்பதற்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது.

ஒப்பந்த வாசகம் புரியவில்லை என்றால் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். பதிப்புரிமை பற்றிய அடிப்படை விவரங்களை மலேசிய அறிவுசார் சொத்துரிமைக் கழகத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

*பெயரைத் தெரிந்துகொள்வோம்*

பணம் வராவிட்டாலும் பொம்மை வந்தால் குரல் கலைஞர்கள் மகிழத்தான் செய்கிறார்கள். கோலாலம்பூரின் காமிக் ஃபியெஸ்டா, சிங்கப்பூரின் அனிமே விழா போன்ற சந்திப்புகள் அவர்களை ரசிகர்களோடு நேருக்கு நேர் சேர்க்கின்றன. ரசிகர் நீட்டும் பொம்மைப் பெட்டியில் குரல் கலைஞர் கையெழுத்துப் போடும் வழக்கம் உலகெங்கும் பரவியிருக்கிறது. நிறுவனம் அச்சிடாத பெயர், அப்படிக் கைப்பட எழுதப்பட்டுப் பெட்டியில் ஏறுகிறது. சேகரிப்பாளர் மத்தியில் அத்தகைய பெட்டிக்கு மதிப்பும் கூடுகிறது.

பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளை விரும்பும் தொடர் முடிந்ததும் பெயர்ப் பட்டியலை ஓடவிடுங்கள். "உனக்குப் பிடித்த கோபாலுக்குப் பேசுவது இவர்தான்" என்று காட்டுங்கள். பேசியவருக்கு ஒரு பெயர் உண்டு, அது ஒரு வேலை, அதற்கு ஊதியம் உண்டு என்று அந்தப் பிள்ளை தெரிந்துகொள்ளட்டும். நாளை அந்தப் பட்டியலில் தன் பெயரும் வர வேண்டும் என்று ஒரு பிள்ளை ஆசைப்பட்டால், மேலே சொன்ன நான்கு கேள்விகளையும் அப்போதே சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.